உயிரைக் கொடுத்து வழிகாட்டியவர்

ஐரோப்பாவின் நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடர் இருக்கிறது. அதில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லைக் கல் நட்டதுபோல ஒரு சிகரம் நிற்கிறது. அதன் பெயர் மாட்டர்ஹார்ன். இத்தாலியர்கள் அதைச் செர்வீனோ என்பார்கள். உயரம் 14,692 அடி.

ஆல்ப்ஸில் இதைவிட உயரமான சிகரங்களும் உண்டு. ஆனால், இதைப்போல நான்கு பக்கமும் செங்குத்தாகச் செதுக்கி நிறுத்திய சிகரம் வேறு இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் கோபுரம் போலத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பயம் வரும். அதன் உச்சியில் பேய்கள் குடியிருப்பதாக அடிவாரத்து மக்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள்.

இந்தச் சிகரத்தின் மீது முதலில் ஏறியவர் யார் என்று கேட்டால், எட்வர்டு விம்பர் என்ற ஆங்கிலேயரின் பெயரைப் புத்தகங்கள் சொல்லும். அது சரிதான். ஆனால் இத்தாலிப் பக்கத்தில் உள்ள கிராமத்துக்காரர்களைக் கேட்டால், விம்பரோடு இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஜான் அந்துவான் காரெல்.

இவர் முதலில் ஏறவில்லை. போட்டியில் தோற்றவர் இவர். அப்படி இருந்தும், இவர் இறந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், மலையேறுபவர்கள் இவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அது ஏன் என்பதுதான் இவருடைய கதை.

சிப்பாய்

காரெல் 1829-ம் ஆண்டு பிறந்தார். ஊர் வால்தூர்நான்ஷ். இத்தாலியில் இருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் பிரெஞ்சு மொழி பேசுகிறவர்கள். அதனால்தான் இவர் பெயரும் பிரெஞ்சுப் பெயராக இருக்கிறது.

வறண்ட மலைக் கிராமம். மாடு மேய்ப்பதும், மலை ஆடு வேட்டையாடுவதும்தான் பிழைப்பு. கோடையில் மலையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டினால் கொஞ்சம் பணம் கிடைக்கும்.

காரெல் இளம் வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த படை, தொப்பியில் இறகு செருகிக்கொண்டு, ஓட்ட நடையிலேயே அணிவகுத்துச் செல்லும் பெர்சாலியேரி படை. இத்தாலியின் விடுதலைக்காக நடந்த போர்களில் அவர் சண்டை போட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் எல்லோரும் அவரைப் "பெர்சாலியேரி" என்றே அழைத்தார்கள். நம் ஊரில் பட்டாளத்தில் இருந்து வந்தவரைப் "பட்டாளத்தார்" என்று கூப்பிடுவது போலத்தான்.

நிமிர்ந்த நடை. யாருக்கும் வளைந்து கொடுக்காத குணம். கூலி கொடுப்பவர் என்பதற்காக எவருக்கும் கைகட்டி நிற்க மாட்டார். இந்தக் குணத்தால் அவருக்குப் பகையும் வந்தது, பெருமையும் வந்தது.

மற்றவர்கள் பேய் மலை என்று ஒதுங்கியபோது, காரெலுக்கு மட்டும் செர்வீனோ மீது கண். 1857-ம் ஆண்டிலேயே சொந்தக்காரர் ஒருவரையும், அமே கோரே என்ற இளைஞரையும் சேர்த்துக்கொண்டு மலையில் ஏறிப் பார்த்தார். கோரே பின்னால் பாதிரியாரானவர். அவர்கள் "சிங்கத் தலை" என்னும் பாறை முகடு வரை போய்த் திரும்பினார்கள். யாரும் கூலி கொடுத்து அனுப்பவில்லை. தங்கள் ஊர் மலையைத் தாங்களே ஏற வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

விம்பர் வருகிறார்

1861-ம் ஆண்டு. மலையடிவாரத்தில் உள்ள ப்ரோய் என்ற இடத்துக்கு 21 வயது ஆங்கிலேயர் ஒருவர் வந்தார். அவர்தான் எட்வர்டு விம்பர். மரக்கட்டையில் படம் செதுக்குவது அவர் தொழில். அதற்கு முந்திய ஆண்டு ஆல்ப்ஸ் மலையைப் படம் வரைவதற்காக ஒரு புத்தக வெளியீட்டாளர் அவரை அனுப்பினார். வந்த இடத்தில் மலைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

செர்வீனோவில் ஏற யாரை அழைத்துப் போகலாம் என்று விம்பர் விசாரித்தார். காரெலைத்தான் கை காட்டினார்கள். பேரம் நடந்தது. காரெல் ஒரு நாளைக்கு 20 பிராங்கு கூலி கேட்டார். கூலியில் தகராறு இல்லை. ஆனால் இன்னொரு வழிகாட்டியும் கட்டாயம் வர வேண்டும் என்று காரெல் சொன்னார். ஒருவரே போதும் என்றார் விம்பர். இருவரும் பிடிவாதக்காரர்கள். பேரம் முறிந்தது.

கூலியைக் கூட்டுவதற்காகக் காரெல் இப்படிக் கேட்டார் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கயிற்றில் இரண்டே பேர் இருந்து, அதில் ஒருவர் புதியவராக இருந்தால், அவர் வழுக்கினால் பிடிக்க ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆளும் இழுபட்டுப் போனால் இருவரும் போக வேண்டியதுதான். மூன்றாவது ஆள் இருந்தால் பிழைக்க வழி உண்டு. இளைஞரான விம்பருக்கு அப்போது இது தெரியவில்லை.

விம்பர் வேறொரு வழிகாட்டியோடு போனார். பாதியில் திரும்பினார். அதே நாட்களில் காரெலும் தன் சொந்தக்காரரோடு இன்னும் மேலே, "சேவல் கொண்டை" என்ற இடம் வரை போய், அங்கே பாறையில் தன் பெயரின் முதல் எழுத்துக்களைச் செதுக்கிவிட்டு வந்தார். மலை யாருடையது என்று காட்டிவிட்டார்!

அடுத்த ஆண்டில் இருவரும் சேர்ந்தார்கள். 1862-ல் விம்பர் திரும்பத் திரும்ப அந்த மலையில் ஏறினார். ஒரு தடவை துணையே இல்லாமல் தனியாகப் போனார். இறங்கும்போது சிங்கத் தலைக்குப் பக்கத்தில் கால் வழுக்கிற்று. சுமார் 200 அடி உருண்டார். தலையில் பல காயங்கள். இன்னும் சில அடி உருண்டிருந்தால் கீழே பெரும் பள்ளம். மயக்கம் தெளிந்து, இரத்தம் ஒழுக இருட்டில் தட்டுத் தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார். சில நாட்களிலேயே காரெலோடு மறுபடியும் மலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அதே ஆண்டில் டிண்டால் என்ற விஞ்ஞானியும் அந்த மலைக்கு வந்தார். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஆராய்ந்தவர் இவர். இவர் தம்முடைய வழிகாட்டியாகச் சுவிஸ்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, காரெலைச் சுமை தூக்க அமர்த்தினார். உச்சிக்கு அருகில் ஒரு பிளவு வந்தது. மேலே போகலாமா என்று காரெலிடம் கேட்டபோது, சுமை தூக்க வந்தவர்களிடம் யோசனை கேட்பானேன், வழிகாட்டியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். டிண்டால் திரும்பினார். மானஸ்தர் என்று ஊரார் இதைப் புகழ்ந்திருக்கலாம். ஆனால் மலை மேல் நிற்கும்போது கோபத்தை வெளியே காட்டுவது நல்ல வழிகாட்டிக்கு அழகல்ல. இளமையில் காரெலிடம் இந்தக் குறை இருந்தது.

1863-ல் விம்பரும் காரெலும் மீண்டும் போனார்கள். இடி, மின்னல், பனிப்புயல். ஒரு நாளுக்கு மேல் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, திரும்பி வந்தார்கள்.

பந்தயம்

இதற்குள் இத்தாலி ஒரே நாடாகிவிட்டது. 1863-ல் டூரின் நகரில் இத்தாலிய மலையேறுவோர் சங்கம் பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர் குவின்டினோ செல்லா. நிதி மந்திரியாக இருந்தவர். இத்தாலிய மலையில் இத்தாலியர்களே முதலில் கொடி நாட்ட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அந்த வேலையைத் தம் நண்பர் ஜோர்டானோ என்ற என்ஜினீயரிடம் ஒப்படைத்தார். ஜோர்டானோ இரகசியமாகக் காரெலை அமர்த்தினார்.

1865-ம் ஆண்டு ஜூலை மாதம் விம்பர் மறுபடி வந்தார். காரெலை அழைத்தார். ஜூலை 11-ந் தேதிக்கு மேல் தன்னால் வர முடியாது, ஒரு பெரிய குடும்பத்தாருக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று காரெல் சொன்னார். 11-ந் தேதி காலையில் விம்பர் கண் விழித்தபோது, காரெலும் மூன்று பேரும் செர்வீனோ மீது ஏறிக்கொண்டு இருந்தார்கள்!

காரெல் செய்தது சரியா? தன் நாட்டாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அது சரி. ஆனால் நாலு ஆண்டு பழகியவரிடம் உண்மையை மறைத்தார். விம்பருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

விம்பர் விடவில்லை. மலையின் மறுபக்கத்தில் உள்ள செர்மாட் ஊருக்கு விரைந்தார். டக்ளஸ் பிரபு என்ற 18 வயது இளைஞரும் அவரோடு சேர்ந்தார். செர்மாட்டில் ஹட்சன் என்ற பாதிரியார் அதே மலைக்குப் புறப்படத் தயாராக இருந்தார். அவரோடு மிஷேல் குரோ என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு வழிகாட்டி இருந்தார். ஹாடோ என்ற 19 வயதுப் பையனும் இருந்தான். டாக்வால்டர் என்ற உள்ளூர் வழிகாட்டியும் அவர் மகனும் சேர்ந்துகொண்டார்கள். ஆக மொத்தம் ஏழு பேர்.

ஹாடோவுக்கு மலை அனுபவம் போதுமா என்று விம்பர் கேட்டார். மற்ற பலரைவிடக் குறைந்த நேரத்தில் அவன் மோன் பிளான் சிகரத்தில் ஏறியிருக்கிறான் என்று ஹட்சன் பதில் சொன்னார். வேறு சில மலைகளையும் குறிப்பிட்டார். விம்பர் அதை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி சரியான கேள்விதான். ஆனால் கிடைத்த பதில் என்ன? பையன் வேகமாக நடப்பான் என்பதுதான். மோன் பிளான் உயரமான மலை. என்றாலும் பெரும்பகுதி பனிச்சரிவில் நடந்து போகும் மலை. செர்வீனோ பாறை மலை. அங்கே வேகம் உதவாது. கால் வைக்கிற இடத்தைக் கண்டு, அங்கே வைத்த காலை நம்பி நிற்கத் தெரிய வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும்

மலை ஏறாதவர்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். ஏறும்போது பாறை முகத்துக்கு நேரே இருக்கிறது. கை வைக்கும் இடம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். உடம்பில் தெம்பும், மனத்தில் உற்சாகமும் இருக்கும். இறங்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது. கண் போகும் இடமெல்லாம் பள்ளம். முழங்கால் நடுங்கும். உச்சியைப் பார்த்தாகிவிட்டது என்பதால் கவனமும் தளர்ந்து போகும்.

அனுபவம் இல்லாத ஒருவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி, ஏறும்போது முன்னால் போவார். மேலே போய் நிலையாக நின்றுகொண்டு, கயிற்றை இறுக்கிப் பிடித்து, பின்னால் வருபவரை ஏறச் சொல்வார். இறங்கும்போது வரிசை மாறும். புதியவர் முன்னால் இறங்க, வழிகாட்டி கடைசியில் வருவார். அப்போதுதான் புதியவர் வழுக்கினாலும் மேலே இருப்பவர் பிடித்து நிறுத்த முடியும். இடையில் கயிறு தொய்யக் கூடாது. தொய்ந்தால் விழுகிறவரின் வேகம் கூடிவிடும். பிறகு பிடிக்க முடியாது. ஒருவர் நகரும்போது மற்றவர் அசையாமல் நிற்க வேண்டும்.

1865 ஜூலை 14-ந் தேதி பிற்பகல் 1-40 மணிக்கு விம்பர் கோஷ்டி உச்சியை அடைந்தது. காரெல் எங்கே என்று விம்பர் எட்டிப் பார்த்தார். இத்தாலிப் பக்கத்தில், வெகு கீழே, புள்ளிகளாக மனிதர்கள் தெரிந்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக விம்பரும் குரோவும் பாறைகளைப் புரட்டிக் கீழே தள்ளினார்கள். காரெல் நிமிர்ந்து பார்த்தார். தன் வாழ்நாள் ஆசை தன் கண்முன்னால் பறிபோனதைக் கண்டார். திரும்பி இறங்கினார்.

கீழே ப்ரோயில் இருந்த ஜோர்டானோ உச்சியில் மனிதர்களைப் பார்த்து, காரெல்தான் ஏறிவிட்டார் என்று மகிழ்ந்து செல்லாவுக்கு எழுதிவிட்டார். மறுநாள் உண்மை தெரிந்தது.

உச்சியில் மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. விம்பர் கோஷ்டி இறங்கத் தொடங்கியது. குரோ முதலில். அடுத்து ஹாடோ. பிறகு ஹட்சன், டக்ளஸ், பெரிய டாக்வால்டர். கடைசியில் விம்பரும் சின்ன டாக்வால்டரும். ஹாடோ தானாகக் கால் வைக்க முடியாமல் தவித்தான். குரோ தன் பனிக்கோடரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவனுடைய கால்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் பிடித்துப் பாறையில் பதிய வைத்தார். வைத்துவிட்டுத் தான் ஓரிரு அடி இறங்குவதற்காகத் திரும்பினார். அந்த நொடியில் ஹாடோ வழுக்கி அவர் மேல் விழுந்தான். இருவரும் சரிய, ஹட்சனும் டக்ளஸும் இழுக்கப்பட்டார்கள். மேலே இருந்த மூவரும் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். டாக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவில் கயிறு அறுந்தது.

நான்கு பேரும் சுமார் 4,000 அடி ஆழத்தில் பனியாற்றில் விழுந்து மாண்டார்கள். டக்ளஸின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அறுந்த கயிறு, அவர்களிடம் இருந்தவற்றில் பழையது, பலம் குறைந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எடுத்துப் போனது. அதன் துண்டு இன்றும் செர்மாட் காட்சிசாலையில் இருக்கிறது.

குரோவைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு பையனின் காலைப் பிடித்துக்கொண்டே செத்தார். பையனையும் குறை சொல்ல முடியாது. அவனை அந்த மலைக்கு அழைத்துச் செல்லலாம் என்று செர்மாட்டில் முடிவு செய்தார்களே, அங்கேதான் கோளாறு.

"உங்களை அழைத்துப் போக மாட்டேன்"

ப்ரோயில் எல்லோரும் சோர்ந்து போயிருந்தார்கள். ஆனால் இத்தாலிப் பக்கமாக ஏற முடியும் என்று காட்ட வேண்டும் என்று ஜோர்டானோ சொன்னார். காரெலுடன் போனவர்களில் பலர் மறுபடி போக மறுத்தார்கள். காரெல் மட்டும் அசையவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கூட வந்த கோரே, இப்போது பாதிரியாராக இருந்தவர், தானே முன்வந்தார்.

ஜோர்டானோ, தானும் வருகிறேன் என்று கேட்டார். பணம் கொடுப்பவர் அவர். காரெலின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு வாய்ப்புக் கொடுப்பவரும் அவரே. வேறு ஆளாக இருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார். காரெல் கண்டிப்பாக மறுத்துவிட்டார். வழி தெரியாத பாறையில் தன் உயிரைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு, அனுபவம் இல்லாத ஒருவரின் உயிருக்கும் பொறுப்பேற்கத் தன்னால் முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஜோர்டானோவுக்கு மனவருத்தம்தான். என்றாலும் கீழேயே இருந்தார்.

ஜூலை 16-ந் தேதி நால்வர் புறப்பட்டார்கள். 17-ந் தேதி உச்சிக்கு மிக அருகில் ஓர் இடத்தில் செங்குத்தான பள்ளம் குறுக்கிட்டது. அதில் கயிறு பிடித்து இறங்கிவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது மேலே நின்று தூக்கிவிட ஆள் வேண்டும். கோரே பாதிரியார் தாம் நிற்பதாகச் சொன்னார். இன்னொருவரும் அவரோடு நின்றார். கைக்கு எட்டும் தூரத்தில் உச்சி. எட்டு ஆண்டு ஆசை. அதை விட்டுக்கொடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் குளிரில் காத்திருந்தார். காரெலும் பிஷ் என்பவரும் உச்சிக்குப் போய்த் திரும்பினார்கள். விம்பர் ஏறி மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. விம்பர் வந்த வழியைவிட இந்த வழி கடினமானது.

ஜோர்டானோ கதை இதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டில் அவர் காரெலோடு முயன்றார். உச்சியை எட்ட முடியவில்லை. 1868-ல் காரெல் அவரை உச்சிக்கே அழைத்துச் சென்றார். வழி நன்றாகத் தெரிந்த பிறகு, ஆளும் மலைக்குப் பழகிய பிறகு, காரெல் மறுக்கவில்லை. மூன்று ஆண்டு காத்திருந்ததில் இருவருக்கும் நஷ்டம் இல்லை.

எரிமலை மேல் கூடாரம்

விம்பருக்குக் காரெல் மீதிருந்த கோபம் என்ன ஆயிற்று? 1879-ல் அவர் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்குவடார் நாட்டுக்கு மலையாராய்ச்சிக்குப் புறப்பட்டார். கூட வர யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? காரெலைத்தான். காரெல் தன் உறவினர் லூயியையும் அழைத்துக்கொண்டார். இப்போது விம்பர் இரண்டாவது வழிகாட்டி எதற்கு என்று கேட்கவில்லை!

அங்கே சிம்பராசோ என்ற மலை 20,500 அடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கூடாரம் அடித்த முதல் நாளிலேயே காரெலுக்கும் விம்பருக்கும் தலைவலி, காய்ச்சல். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆல்ப்ஸில் சிங்கம் போலத் திரிந்தவர்கள் இங்கே குழந்தைகள் ஆனார்கள். உடம்பு பழகும் வரை பொறுத்திருந்து, 1880 ஜனவரி 4-ந் தேதி உச்சியை அடைந்தார்கள். மேலே பனி அவ்வளவு மிருதுவாக இருந்ததால் நடக்க முடியவில்லை. பனியை அடித்து அமுக்கி, கைகால்களால் தவழ்ந்து போனார்கள். திரும்பிக் கூடாரம் சேர இருட்டிவிட்டது. லூயியின் கால்கள் பனியில் வெந்து போயின.

அடுத்த மாதம் கொட்டபாக்சி என்ற எரிமலை. அதன் வாய்க்கு அருகிலேயே கூடாரம் அடித்து 26 மணி நேரம் இருந்தார்கள். ரப்பர் வாசனை வருகிறதே என்று பார்த்தால், கீழே தரை சுட்டு, கூடாரத்தில் விரித்திருந்த ரப்பர் துணி இளகிக்கொண்டு இருந்தது. வெளியே உறைபனி!

ஊருக்குத் திரும்பிய காரெல் பழைய தொழிலையே செய்தார். 1882 மார்ச் மாதத்தில், குளிர்காலத்தில், செர்வீனோவில் ஏற வேண்டும் என்று விட்டோரியோ செல்லா விரும்பினார். அவர் மந்திரி செல்லாவின் உறவினர். காரெல் அவரை ஏற்றி, மறுபக்கம் இறக்கினார். குளிர்காலத்தில் அந்த மலையை வென்றது அதுவே முதல் தடவை.

1890 ஆகஸ்டு

காரெலுக்கு இப்போது 61 வயது. தாடி நரைத்தவர். ஆகஸ்டு 23-ந் தேதி, டூரின் நகரத்து இளைஞர் ஒருவரைச் செர்வீனோவுக்கு அழைத்துச் சென்றார். பெயர் லியோனே சினிகாலியா. வயது 22. சங்கீதம் படித்துக்கொண்டு இருந்தவர். துணைக்குச் சார்லஸ் கோரே என்ற வழிகாட்டி. ஒரு பயணி, இரண்டு வழிகாட்டிகள். அன்று விம்பரிடம் காரெல் கேட்ட அதே கணக்கு.

இந்தக் காலத்தில் மலையில் பாதி உயரத்தில் தங்குவதற்கு ஒரு குடில் கட்டியிருந்தார்கள். கடினமான இடங்களில் கயிறுகளைப் பாறையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் முன்போல் பயம் இல்லை. அவர்கள் குடிலை அடைந்தபோது வானம் மாறியது. காரெல் மேகங்களைப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று மேலே போகவில்லை.

இரவு புயல் பிடித்தது. மின்னல், ஆலங்கட்டி, பனி. மறுநாள் முழுவதும் ஓயவில்லை. குடிலுக்குள் குளிர் தாங்க முடியவில்லை. உணவும் விறகும் குறைந்துகொண்டே வந்தன.

25-ந் தேதி காலையில் காரெல் முடிவு செய்தார். இனி இருந்தால் குளிரும் பட்டினியும் கொன்றுவிடும். இறங்கினால் புயல் கொல்லலாம், கொல்லாமலும் இருக்கலாம். 9 மணிக்கு மூவரும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு குடிலை விட்டு வெளியே வந்தார்கள்.

பாறை எல்லாம் கண்ணாடி போட்டது போல் பனிக்கட்டி. கட்டியிருந்த கயிறுகள் உறைந்து தடியாகிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. காற்று ஆளைத் தூக்கியது. வழி தெரியவில்லை. நல்ல நாளில் சில மணி நேரத்தில் முடியும் இறக்கம் அது. அன்று பகல் போயிற்று. மாலை போயிற்று. இரவும் வந்தது. அவர்கள் இன்னும் பாறையிலேயே இருந்தார்கள்.

இத்தனை நேரமும் நடத்திச் சென்றவர் காரெல். பதற்றம் இல்லை. எங்கே காலை வைப்பது, எங்கே நிற்பது, எப்போது நகர்வது எல்லாம் அவர் முடிவுதான். மற்ற இருவரும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள் எனலாம். அவருடைய உடம்பில் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்பது அவர்களுக்கு வெகு நேரம் தெரியவில்லை. இளைஞருக்குத் தெரியாதபடி அவர் மறைத்தாரா, அல்லது நினைத்துப் பார்க்கவே நேரம் இல்லையா, யார் கண்டது?

நடு இரவு நெருங்கும்போது செங்குத்துப் பாறைகள் முடிந்தன. வழுக்கினால் சாவு என்ற இடங்களெல்லாம் தலைக்கு மேலே போய்விட்டன. கீழே சரிவான மேய்ச்சல் நிலம். அங்கே இருந்து ஒரு சிறுவன்கூட ஊர் போய்ச் சேரலாம்.

அங்கே காரெல் தடுமாறினார். உட்கார்ந்தார். எழுந்து சிறிது நடந்தார். மறுபடி விழுந்தார். கையில் மீதம் இருந்ததை எல்லாம் அவருக்குக் கொடுத்தார்கள். உடம்பைத் தேய்த்துச் சூடு உண்டாக்கப் பார்த்தார்கள். பயன் இல்லை. அந்த இரவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

உடலைத் தூக்கிச் செல்ல இருவருக்கும் தெம்பு இல்லை. சினிகாலியாவின் விரல்கள் பனியில் விறைத்திருந்தன. 26-ந் தேதி காலை 5 மணிக்கு அடிவாரத்து விடுதிக் கதவைத் தட்டினார்கள். குடிலை விட்டு இறங்கி 20 மணி நேரம் ஆகியிருந்தது. ஊரார் மேலே போய்க் காரெலைக் கொண்டுவந்தார்கள். வால்தூர்நான்ஷில் அடக்கம் நடந்தது.

ஜூலை 14-ந் தேதி தோற்கடித்தவரும் அவரே, தோற்ற பிறகு நண்பரானவரும் அவரே என்பதால், காரெலைப் பற்றி எழுத விம்பருக்கே அதிக உரிமை. எழுதினார். தன்னை நம்பி வந்தவரைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டே காரெல் சாய்ந்தார் என்பதை அவர் தம் புத்தகத்தின் பிற்பதிப்பில் பதிவு செய்தார். விம்பர் 1911-ல் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள ஷமோனி ஊரிலேயே இறந்தார்.

காரெல் விழுந்த இடத்தில் ஓர் இரும்புச் சிலுவை நிற்கிறது. இத்தாலிப் பக்கமாக ஏறுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மலையில் இன்னும் மேலே, 12,500 அடி உயரத்தில், அவர்கள் இரவு தங்கும் குடிலுக்கும் காரெலின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சினிகாலியா பிழைத்தார். வியன்னா சென்றார். பெரிய இசைமேதை துவோர்ஷாக்கிடம் பயின்றார். டூரின் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கிராமத்துப் பெண்கள் பாடும் பாடல்களைத் தேடித் தேடிக் கேட்டு, இசைக் குறிப்போடு எழுதி வைத்தார். எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பாட்டுகளில் பல மறைந்துபோயிருக்கும். அவர் யூதர். 1944-ம் ஆண்டு மே மாதம், டூரினில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் ஒளிந்திருந்தபோது நாஜிகளின் ஆட்கள் கைது செய்ய வந்தார்கள். அதிர்ச்சியில் இதயம் நின்று அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 75.